ஏழாவது வயர்

ஏழு வயரையும் ஒரே நீலத்தில் இழுத்து வைத்திருந்தான் யாரோ ஒரு புண்ணியவான். அவனை ஒருமுறை நேரில் கண்டால் போதும். ராசா, உனக்கு இந்தத் தொழில் வேண்டாம், எங்கேயாவது கோயில் வாசலில் கச்சான் கடலை வறுத்து விற்றுப் பிழைத்துக்கொள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். வீட்டுச் சுவருக்குள் ஓடுகிற சாதாரண நீல வயர். அதைக் கொண்டு கடலில் ஓடுகிற எஞ்சினுக்கு வேலை பார்த்திருந்தான்.

அது போதாதென்று, விற்ற இடத்தில் எஞ்சினைப் படகிலிருந்து இறக்கியவர்கள் வயர்க் கட்டை நடுவால் வெட்டிவிட்டிருந்தார்கள். எஞ்சின் பக்கம் ஏழு நீல முனை. சாவிப் பெட்டிப் பக்கமும் ஏழு நீல முனை. எது எதோடு சேரும் என்பது ஆண்டவனுக்கும் அந்த நீல வயர்க்காரனுக்கும்தான் வெளிச்சம். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தால், எஞ்சினோடு வந்த பழைய வயர்கள் எண்ணெயும் சூடும் குடித்து எல்லாம் ஒரே கறுப்பு.

எனக்கு அறுபத்திரண்டு வயது. யாக்கூப் என்றால் ஐந்து சந்தியில் யாரும் கடையைக் காட்டுவார்கள். மோட்டர் சுற்றுவேன், வயரிங் பார்ப்பேன். இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருபது வருடம் கிடந்துவிட்டு வந்து திறந்த கடை. இப்போது சீனி வருத்தம், முழங்கால் நோ, குனிந்தால் நிமிர ஒரு நிமிடம். கடையை விட்டு வெளியே போய் வேலை பார்ப்பதில்லை என்று மனைவி கைருன்னிஸாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் கொழும்புத்துறை றஞ்சித் மூன்று நாளாகப் போன் அடித்தான். அவனுடைய பழைய எஞ்சின் இறுகிப்போய்விட்டது. இந்த வயரைப் பார்த்து மூன்று மெக்கானிக்குகள் கையை விரித்துவிட்டார்கள். சரி, தொலையட்டும் என்று வந்தேன்.

பூவரச மரத்துக்குக் கீழே, வாயகன்ற பிளாஸ்டிக் பரலில் தண்ணீர் நிரப்பி, மரக் குற்றிகளில் எஞ்சினைக் கொழுவி வைத்திருந்தான் றஞ்சித். நல்ல பெடியன், முப்பத்தைந்து வயதிருக்கும், பொறுமை மட்டும் கிடையாது. நான் என் சாமான் பெட்டியைத் திறப்பதற்குள் பற்றரியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

“நானா, ஒவ்வொரு வயரிலையும் பற்றரியை ஒருக்கால் தொட்டுப் பாப்பமே? எது வேலை செய்யுதெண்டு தெரிஞ்சிடும்.”

“தொட்டால் தெரியும்தான். கறுப்புப் பெட்டி எரிஞ்ச மணத்திலை தெரியும். அங்காலை வை.”

கார் சாவியைத் திறந்தால் கரண்ட் ஓடும், மூடினால் நிற்கும். கடல் எஞ்சின் எதிர்மாறு. அதை நிறுத்துவதற்கென்று ஒரு வயர் இருக்கிறது; அது எஞ்சின் உடம்பில் முட்டினால் எஞ்சின் நிற்கும், முட்டாதவரை ஓடும். அந்த வயரில் போய்ப் பற்றரியைத் தொட்டால் தீப்பொறி கொடுக்கிற கறுப்புப் பெட்டி அந்த இடத்திலேயே சீவனை விட்டுவிடும். யாழ்ப்பாணம் முழுக்கத் தேடினாலும் இந்த எஞ்சினுக்கு வேறு பெட்டி கிடைக்காது. இதையெல்லாம் அவனுக்குச் சொல்லி முடிக்கவே எனக்குக் களைத்துவிட்டது.

அவனுடைய மனைவி தனுசியா பிளேன்ரீ கொண்டுவந்தாள். சீனி போடாமல் கொண்டுவந்தாள், நான் சொல்லாமலே. வைத்துவிட்டுப் போகவில்லை. சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு மரத்தில் சாய்ந்து நின்றாள்.

“நானா, உங்களிட்டை ஒண்டு கேக்கோணும். இந்த இஞ்சினைப் பற்றி இவர் உங்களுக்குச் சொன்னவரோ?”

“சும்மா இரு தனுசியா,” என்றான் றஞ்சித்.

“ஏன் இருக்கோணும்? நானா, இது செத்துப்போன ஆளின்ரை இஞ்சின். மண்டைதீவு ஆள். ஏழு வரியத்துக்கு முந்தித் தனியத் தொழிலுக்குப் போனவர், தவறிக் கடலுக்கை விழுந்திட்டார். போட் நிக்கேல்லை. எண்ணெய் முடியுமட்டும் வட்டம் அடிச்சுக்கொண்டு நிண்டதாம். பிறத்தாலை நீந்திக் களைச்சுத்தான் மனிசன் செத்தது.”

“உதுக்கெண்டுதானே கயிறு இருக்கு?” என்றேன்.

சாவிப் பெட்டியில் ஒரு சிவப்புக் கயிறு வரும். ஒரு முனையைக் கையில் கட்டிக்கொண்டு மறு முனையைப் பெட்டியிலுள்ள சுவிச்சில் கொழுவிவிட வேண்டும். ஆள் விழுந்தால் கயிறு கழன்று, சுவிச் தட்டி, எஞ்சின் நின்றுவிடும். எங்கள் ஆட்கள் பாதிப்பேர் அதைக் கையில் கட்டுவதில்லை, அது வேறு கதை.

“அவர் கட்டினவர் நானா. பிரேதம் எடுக்கேக்கை கயிறு கையிலை கிடந்தது. அவரின்ரை மனிசி சொல்லுது, கையிலை கட்டிப்போட்டு மற்றப் பக்கம் கொழுவ மறந்திட்டார் எண்டு. ஊரும் அதைத்தான் சொல்லுது. ஆனா எனக்கு விளங்கேல்லை. எங்கடை பழைய இஞ்சினிலை கயிறைக் கொழுவாட்டி ஸ்டார்ட்டே வராது. அப்ப அந்த மனிசன் கொழுவாமல் எப்பிடி அவ்வளவு தூரம் போனவர்?”

நான் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தேன். மூன்று மெக்கானிக்குகளுக்கும் தோன்றாத கேள்வி.

“இது ஏன் அண்டைக்கு நிக்கேல்லை எண்டு நீங்கள் கண்டுபிடிச்சுச் சொல்லுங்கோ. சொன்னால் இவரை இதோடை விடுவன். இல்லாட்டி இது இந்தப் பரலுக்கையே கிடக்கட்டும். இவரும் தனியத்தான் போறவர்.”

றஞ்சித் பற்றரியைத் துடைத்துக்கொண்டிருந்தான். எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. வயரைப் பிரித்துக் கொழுவிவிட்டு அஸர் தொழுகைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று வந்த மனிதனிடம், ஒரு சாவுக்குக் காரணம் சொல்லு என்றால் எப்படி? ஆனாலும் அவள் கேட்டது நியாயம். வேலையைத் தொடங்கினேன்.

மூட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரிக்கிற தெம்பு எனக்கில்லை. மூட்டுகளில் சுற்றிய இன்சுலேஷன் ரேப் எல்லாம் உருகித் தாராகிக் கிடந்தது. அதனால் என் வழக்கப்படி வயரின் தோலுக்குள்ளால் குண்டூசி குத்தி, ஊசியில் மீற்றரைப் பிடித்தேன். மீற்றர் கீச்சிட்டால் தொடர்பு இருக்கிறது. எஞ்சின் உடம்போடு கீச்சிட்டது ஒன்று. அதில் மெல்லிய வெள்ளை ரேப் சுற்றி ஒன்று என்று எழுதினேன். பற்றரிக்குப் போவது இரண்டு. ஸ்டார்ட் மோட்டரை எழுப்புவது மூன்று. எண்ணெய் குறைந்தால் கத்துகிற விசிலுக்கு ஒன்று, குளிரில் எஞ்சினை எழுப்ப உதவுவதற்கு ஒன்று. தீப்பொறிப் பெட்டிக்குப் போகிற, அந்த நிறுத்துகிற வயர் ஆறாவது. அதைக் கண்டுபிடிக்க மட்டும் முக்கால் மணித்தியாலம் போனது. வியர்வை கண்ணுக்குள் வடிந்தது. ஒவ்வொரு வயருக்கும் அந்த நீல வயர்க்காரனை ஒரு தடவை திட்டினேன். றஞ்சித் முதலில் சிரித்தான், பிறகு அவனுக்கும் அலுத்துவிட்டது.

சாவிப் பெட்டிப் பக்கம் சுகமாக முடிந்தது. சாவியை ஒவ்வொரு இடமாகத் திருப்பத் திருப்ப ஆறு வயரும் தங்களைத் தாங்களே காட்டிக் கொடுத்தன. ஏழாவது, கயிற்றுச் சுவிச்சின் வயர். கயிற்றை இழுத்தால் கீச், கொழுவினால் மௌனம். சுவிச்சில் உப்புப் பூத்திருந்தாலும் தட்டுகிறது.

இனி எஞ்சின் பக்கத்து ஏழாவது. மீற்றரை எங்கே வைத்தாலும் கீச்சிடவில்லை. உடம்பில் இல்லை, தீப்பொறிப் பெட்டியில் இல்லை, மற்ற ஆறில் ஒன்றிலும் இல்லை. எங்கும் போகாத வயர்.

உள்ளதைச் சொல்கிறேன். அந்த நேரம் அதை மடக்கி, ரேப் சுற்றி, உள்ளே தள்ளிவிடத்தான் நினைத்தேன். சாவியால் எஞ்சின் ஸ்டார்ட் வரும், சாவியால் நிற்கும். யாரும் குறை சொல்ல முடியாது. முழங்கால் விட்டுக்கொடுக்கத் தொடங்கியிருந்தது.

“உது ஒண்டுமில்லை. பழைய வேஸ்ட் வயர்,” என்றேன்.

“அப்ப கயிறு எதோடை வேலை செய்யுது?” என்று கேட்டாள் தனுசியா.

வயரைப் பிடித்துக்கொண்டே விரலால் உள்ளே போனேன். ஸ்டார்ட் மோட்டருக்குப் பின்னால், கை நுழையாத இடுக்கில், நீல வயர் ஒரு பழைய கறுப்பு வயர்த் துண்டோடு மூட்டியிருந்தது. நல்ல மூட்டு. அந்தத் துண்டு நாலு விரல் நீளம் ஓடி, ரேப் சுற்றிய ஒரு சின்ன முடிச்சாக நின்றுபோயிருந்தது. அதற்கு அருகிலேயே நிறுத்துகிற வயர் போய்க்கொண்டிருந்தது. அதிலும் அதே மாதிரி ஒரு சின்ன முடிச்சு. ஒரு காலத்தில் இரண்டும் சேர்ந்திருந்தவை, யாரோ நறுக்கியிருக்கிறார்கள்.

“கண்டுபிடிச்சன்,” என்றேன். “கயித்தின்ரை வயரை இதிலை வெட்டிக் கிடக்கு. அதுதான் நிக்கேல்லை. சாவிக்கு வேறை வயர், அது வேலை செய்திருக்கும். அதாலை ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது.”

“ஆர் வெட்டினது?” என்றான் றஞ்சித்.

“ஆரோ ஒரு மடையன்,” என்று சொல்லிக்கொண்டே ரேப்பைக் கத்தி முனையால் கீறி உரித்தேன்.

உள்ளே வெள்ளை நூல்.

என் வாப்பா தையல்காரர். சட்டைக்குப் பொத்தான் தைத்து முடிக்கும்போது, பொத்தானின் கழுத்தில் நூலை மூன்று சுற்றுச் சுற்றி, அடிவழியாக எடுத்து, இரண்டு முடிச்சுப் போடுவார். அந்தப் பொத்தான் சட்டை கிழிந்தாலும் விழாது. ரேப்பின் பசை இந்த ஊர் வெயிலுக்கு இளகிப்போகும் என்பதால் நான் வயர் முனையில் முதலில் அப்படி நூலைக் கட்டிவிட்டுத்தான் ரேப் சுற்றுவேன். யாழ்ப்பாணத்தில் வேறு யாரும் அப்படிக் கட்டுவதை நான் பார்த்ததில்லை. கடைப் பெடியன்கள் என்னைப் பகிடி பண்ணுவார்கள்.

மூன்று சுற்று, இரண்டு முடிச்சு. மற்ற முனையையும் உரித்தேன். அதிலும் மூன்று சுற்று, இரண்டு முடிச்சு.

பரலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். சீனி இறங்கிவிட்டதோ என்று பயந்து தனுசியா ஓடிப்போய் ஒரு இனிப்புக் கொண்டுவந்தாள். அதை வாயில் போட்டுக்கொண்டு, “அந்த ஆளின்ரை பேர் என்ன?” என்று கேட்டேன்.

“தம்பிராசா எண்டு சொன்னவை.”

“எந்த மாசம் நடந்தது?”

“ஆனி. நயினாதீவு அம்மன் கோயிலிலை கொடியேறின கிழமை எண்டு அந்த மனிசி சொன்னது.”

அந்த வருடம் நோன்பு ஆனியில்தான் வந்தது. கடைசிப் பத்து நாள், நல்ல வெக்கை. நோன்பு திறக்க அரை மணித்தியாலம் இருக்கும்போது ஒரு மனிதர் ஓட்டோவில் எஞ்சினைப் போட்டுக்கொண்டு வந்தார். நடுக்கடலில் எஞ்சின் தன்பாட்டில் நின்றுபோகிறது என்றார். கயிற்றுச் சுவிச்சுக்குள் உப்பு இறங்கித் தன்பாட்டில் முட்டுகிறது என்று நான் உடனே பிடித்துவிட்டேன். புதுச் சுவிச் கொழும்பிலிருந்து வரவேண்டும், அதுவரை அதைக் கழற்றிவிடுகிறேன், அடுத்த வெள்ளி வாருங்கள் என்றேன். வெட்டினேன், நூல் கட்டினேன், மடக்கினேன். நல்ல மனிதர். நோன்பு திறக்க வைத்துக்கொள்ளுங்கோ என்று ஒரு சீப்பு வாழைப்பழத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

சுவிச் வந்தது, கடதாசிப் பக்கெற்றில் போட்டு மேசை லாச்சியில் வைத்தேன். அவர் வரவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றாத ஆள் என்று நான் அவரைத் திட்டியிருக்கிறேன். ஒவ்வொரு நோன்புக்கும் முன் லாச்சியைத் துப்புரவாக்கும்போது அந்தப் பக்கெற்றைக் கண்டு கண்டு திட்டியிருக்கிறேன்.

கழற்றிவிடுகிறேன் என்று சொன்னது நினைவிருக்கிறது. இனிக் கயிறு வேலை செய்யாது, கவனம் என்று சொன்னேனா? அதுதான் நினைவில் வரமாட்டேனென்கிறது. பாங்குக்கு நேரமாகிறது, நா வறண்டு கிடக்கிறது, பேரீச்சம்பழம் தட்டில் இருக்கிறது. எல்லாம் தெரிகிறது. அந்த ஒரு வசனம் மட்டும் கேட்கவில்லை. ஆனால் கயிறு அவர் கையில் கிடந்தது என்கிறாள் இந்தப் பிள்ளை. செத்த கயிறு என்று தெரிந்த மனிதன் அதைக் கையில் கட்டிக்கொண்டு கடலுக்குப் போவானா? நான் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

“கடையிலை ஒரு சுவிச் கிடக்கு. எடுத்துக்கொண்டு வாறன்,” என்று ஸ்கூட்டரை எடுத்தேன்.

வழியெல்லாம் ஒரு யோசனை கூடவே வந்தது. அந்த நூலை அறுத்து எறிந்தால் முடிந்தது. உப்பில் உக்கிப் போனது என்று சொன்னால் இரண்டு பேரும் நம்புவார்கள். மண்டைதீவில் ஊரே ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு முடிவுக்கு வந்து, அழுது, அமைதியாகிவிட்டது. அதைப் போய்க் கிளறுவதால் யாருக்கு என்ன லாபம்? எனக்கு வயது போய்விட்டது. இதைத் தூக்கிச் சுமக்கிற வலு எனக்கில்லை. இப்படியே கடை வாசல்வரை நியாயம் பேசிக்கொண்டு போனேன்.

லாச்சியைத் திறந்தால் பக்கெற் மேலாகவே கிடந்தது. என் கையெழுத்து, நீலப் பேனை: தம்பிராசா, மண்டைதீவு, வெள்ளி.

திரும்பி வந்து புதுச் சுவிச்சைப் பூட்டினேன். வெட்டிய இரண்டு முனையையும் சேர்த்தேன். ஏழையும் கொழுவினேன். றஞ்சித் சாவியைத் திருப்ப, பரல் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு எஞ்சின் எழும்பியது. தனுசியா கிட்ட வந்து சிவப்புக் கயிற்றைப் பிடித்து ஒரு இழுவை இழுத்தாள். எஞ்சின் நின்றது. திரும்பக் கொழுவச் சொன்னாள். திரும்ப இழுத்தாள். மூன்றாம் தரமும் நின்ற பிறகுதான் அவள் முகம் இளகியது.

“இனிப் பயமில்லை,” என்றான் றஞ்சித். “நல்ல காலம் நானா, நீங்கள் வந்தது. அந்த மடையனைப் பிடிச்சு உதைக்கோணும்.”

நீல வயர்க்காரனை நான் மத்தியானம் முழுக்கத் திட்டியிருந்தேன். அவன் யாரோ, தம்பிராசாவின் சாவுக்குப் பிறகு உக்கிய வயர்களை மாற்றியவன். கண்டபடி ஒரே நிறம் பாவித்தாலும், அவன் போட்ட ஏழு மூட்டும் சரி. இருந்ததை இருந்தபடியே கொழுவியிருக்கிறான். அந்த எஞ்சினில் பிழையாகக் கிடந்தது அழகாக நூல் கட்டிய வேலை ஒன்றுதான்.

பக்கெற்றை எடுத்துத் தனுசியாவின் கையில் கொடுத்தேன். அவள் வாசித்தாள். இன்னொரு தரம் வாசித்தாள். பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன், வாழைப்பழத்தையும் சேர்த்து. சொல்ல வெட்கமாக இருந்தது.

“நானா தெரிஞ்சு செய்யேல்லைத்தானே,” என்றான் றஞ்சித்.

“நான் அதைக் கேக்கேல்லை,” என்றாள் தனுசியா. அவள் என்னைத் திட்டவில்லை. “அந்த மனிசி ஏழு வரியமாய்ப் புருசனைத் திட்டிக்கொண்டிருக்கு நானா. இஞ்சினை ஏத்தப் போகேக்கை எங்களுக்கும் சொல்லித் திட்டினது. ஒரு கயிறைக் கொழுவத் தெரியாமல் என்னைத் தனிய விட்டிட்டுப் போன மனிசன் எண்டு.”

“சொல்லத்தான் வேணும்,” என்றேன். “நாளைக்குப் போவம் புள்ளை. இண்டைக்கு எனக்கு ஏலாது.”

“அண்டைக்கும் நீங்கள் அடுத்த வெள்ளி எண்டுதானே சொன்னனீங்கள்.”

பக்கெற்றை அவளிடமிருந்து திருப்பி வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

எஞ்சினைப் படகில் பூட்டி மூன்று பேரும் ஏறினோம். வெயில் தணிந்திருந்தது. பரவைக்கடல் அலையில்லாமல் கிடந்தது. றஞ்சித் கயிற்றைக் கையில் கட்டிக் கொழுவினான், யாரும் சொல்லாமலே. பாசையூரும் குருநகரும் வலப்பக்கம் பின்னால் போயின. எஞ்சின் ஒரு குறையுமில்லாமல் ஓடியது. இந்தச் சத்தத்தைத்தான் அந்த மனிதர் தண்ணீருக்குள் கிடந்து கேட்டிருப்பார், கிட்ட வரும், தூரப் போகும் என்று.

மண்டைதீவுக் கரையில் ஒரு கொட்டிலுக்கு வெளியே வலை பிரித்துக்கொண்டிருந்த பெண் எங்களைக் காண முன்பே எழுந்து நின்றுவிட்டாள். சத்தம் தெரிந்திருக்க வேண்டும். தனுசியா என் பக்கம் குனிந்து, “அவதான், சிவக்கொழுந்து அக்கா,” என்றாள். நரைத்த தலை, கையில் வலை ஊசி. முழங்காலளவு தண்ணீர்வரை இறங்கி வந்து நின்றாள்.

“என்ன, இஞ்சின் சரியில்லையோ? திருப்பித் தர வந்தியளோ?” என்றாள்.

“இல்லையக்கா,” என்றான் றஞ்சித். சாவியைத் திருப்பவில்லை. கட்டியிருந்த கையை மெல்ல உயர்த்தினான். கயிறு கழன்றது. எஞ்சின் நின்றது.

சிவக்கொழுந்து அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினேன். முழங்கால் வலித்தது. அவளுக்கு எதிரே நின்று பக்கெற்றை நீட்டினேன்.

“உங்கடை மனிசனிலை பிழையில்லை, தங்கச்சி. அவர் கொழுவியிருந்தாலும் இது நிண்டிராது. கழட்டி விட்டது நான்.”